இறைவனுக்கு விருப்பு வாக்கு இல்லை

2024 செப்டெம்பர் 21, சனிக்கிழமை. ஜனாதிபதித் தேர்தல் நாள். புரட்டாசியின் முதற்சனியும் அன்றுதான். விடியுமுன் முழுகிவிட்டு, கறுப்புத் துணியில் எள்ளை வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். மருமகள் வந்து நின்றாள்.

"அத்தை, மொதல்ல கோயிலா, வோட்டா?"

"வோட்டு ஏழு மணிக்குத்தான். அதுக்குள்ள வெளக்குப் போட்டுட்டு வந்துருவோம்" என்றேன்.

நேரத்தைப் பார்த்துச் சொன்ன பதில் அது. ஆனால் அவள் கேட்ட கேள்வி கோயில் வாசல்வரை என்னோடு நடந்து வந்தது. எது முதல்? இறைவனை நம்புகிறவளுக்குத் தேர்தல் எவ்வளவு பெரியது? அதில் ஒருவர் வெல்ல வேண்டும் என்று தெய்வத்திடம் கேட்கலாமா?

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் அன்று நவக்கிரக மண்டபத்தைச் சுற்றி ஒரே கூட்டம். நல்லெண்ணெயில் எள் கருகும் வாசம். எனக்கு முன்னால் நின்ற ஒரு தம்பி, அர்ச்சனைத் தட்டில் வெற்றிலைக்குக் கீழே தன் வாக்காளர் அட்டையை வைத்திருந்தான். ஐயர் கண்டும் காணாதவர்போல அர்ச்சனையை முடித்து, அட்டையில் ஒரு பூவோடு தட்டைத் திருப்பிக் கொடுத்தார். அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் தட்டில் வைத்ததை ஐந்து வருடங்களுக்கு முன் நான் மனதில் வைத்து அதே சந்நிதியில் நின்றவள்.

2019ஆம் ஆண்டை இந்த நாட்டில் யாரும் மறக்கமாட்டார்கள். ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. அந்தப் பயம் அடங்குமுன் நவம்பர் 16இல் ஜனாதிபதித் தேர்தல். ஒவ்வொரு சமூகமும் மற்றதைக் கண்டு அஞ்சிய காலம். நான் அம்மனிடம் போய், நான் நினைத்தவர் வென்றால் 108 தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டேன்.

எங்கள் பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சிங்களம் படிப்பித்த ஆசிரியை ஒருவர் இருந்தார். பௌத்தர். பத்தினித் தெய்வத்தை வணங்குகிறவர், முத்துமாரியிடமும் வருவார். மாத்தளையில் இது புதுமை அல்ல. ஒருநாள் ஆசிரியர் அறையில் தேநீர் குடிக்கும்போது பேச்சுவாக்கில் தெரியவந்தது, அவரும் அதே அம்மனிடம், அதே தேர்தலுக்காக, எதிர்த்தரப்பு வேட்பாளருக்கு நேர்ந்திருக்கிறார் என்று. இருவரும் சிரித்தோம். "அம்மனுக்குத்தான் கரைச்சல், டீச்சர்" என்றார் அவர்.

முடிவு வந்தது. அவருடைய வேட்பாளர் 69 இலட்சம் வாக்குகளோடு வென்றார். அதன்பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆசிரியர் அறையில் என் கதிரையை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். அவர் பேசினால் ஒரு சொல்லில் பதில் சொன்னேன். அம்மனோடும் கோபம். 2020 மாசி மகத்துக்கு ஐந்து தேரும் எங்கள் தெரு முனையைக் கடந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தேன். பிறந்ததிலிருந்து நான் வடம் தொடாத முதல் தேர் அது. பறைச்சத்தம் கதவுக்கு வெளியே நெருங்கி வந்து, பின் தேய்ந்து போனதைக் கேட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சத்தம் இன்றும் என்னைச் சுடுகிறது.

சைவநெறி படிப்பித்தவள் நான். திருக்குறளின் முதல் அதிகாரத்தை எத்தனையோ வகுப்புகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இறைவனுக்கு விரும்புவதும் இல்லை, வெறுப்பதும் இல்லை என்று வள்ளுவர் அங்கேயே சொல்லிவிட்டார். அதைக் கரும்பலகையில் எழுதிய கைதான் அம்மனைத் தேர்தல் முகவராக்கப் பார்த்தது. நம் நாட்டுப் பொதுத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி போட்டபின் வேட்பாளர்களின் இலக்கங்களைக் குறிக்கிறோமே, அதற்கு விருப்பு வாக்கு என்று பெயர். ஜனாதிபதித் தேர்தலிலும் இரண்டாம், மூன்றாம் விருப்பு உண்டு. எவ்வளவு பொருத்தமான சொல்! விருப்பு என்னுடையது. அதை நான்தான் போட வேண்டும், அதன் பொறுப்பையும் நான்தான் சுமக்க வேண்டும். இறைவனுக்கு விருப்பு வாக்கு இல்லை. ஒரே கர்ப்பூரத் தட்டில் எதிரெதிரான இரண்டு வேண்டுதல்களை வைத்துவிட்டு, எதை எடுப்பாய் என்று தாயைக் கேட்பது பிள்ளைகள் செய்யும் கொடுமை.

சரி, தேர்தலில் தெய்வம் பக்கம் சாயாது என்றால், தேர்தல் காலத்தில் தெய்வம் எதற்கு? இதற்குப் பதில் புத்தகத்தில் கிடைக்கவில்லை. என் அம்மாயியிடம் கிடைத்தது.

அம்மாயி, என் தாயைப் பெற்றவள், இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். அவளுக்கு முந்திய தலைமுறைகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கடல் தாண்டி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து நடந்தே வந்தவர்கள். அந்த வழியில் மாத்தளைதான் மலைக்கு வாசல். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பாதையோரம் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. மிஞ்சியவர்கள் ஒரு மரத்தடியில் கல்லை நட்டு மாரி என்று கும்பிட்டார்கள். வாக்குச்சீட்டு வருவதற்கு வெகுகாலம் முன்னரே ஆத்தா எங்களோடு வந்துவிட்டாள்.

சர்வசன வாக்குரிமை 1931இல் இந்தத் தீவுக்கு வந்தது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒன்றாக. ஆசியாவிலேயே அது முன்னோடி. அம்மாயி 1947 பொதுத் தேர்தலில், தன் 22ஆம் வயதில் வாக்களித்தாள். அந்தத் தேர்தலில் எங்கள் மக்களின் இலங்கை இந்திய காங்கிரஸும் ஆசனங்களை வென்றது. மறுவருடமே பிரஜாவுரிமைச் சட்டம். 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். தேயிலையைப் பறித்துக்கொண்டிருந்த கைகளிலிருந்து வாக்கு பறிபோனது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று எங்களை எண்ணிப் பிரித்தது. மீதி 150,000 பேரின் கதி பத்து வருடம் தொங்கியது. அம்மாயியின் தம்பி குடும்பத்தோடு இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். அவர்களை மாத்தளை ஸ்டேசனில் ரயிலேற்றிய நாளில் நான் சிறுமி. மேடையில் நின்றவர்களும் பெட்டிக்குள் இருந்தவர்களும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் கதறியது நினைவிருக்கிறது. மலைநாட்டில் அந்த ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர்.

அம்மாயிக்கு வாக்கு திரும்பி வந்து, அவள் வாக்குச்சாவடிக்குப் போனது 1994 ஓகஸ்ட் 16இல். இடையில் 47 வருடங்கள். 22 வயதில் போட்டவள், 69 வயதில் மறுபடி போடப் போனாள். முதல் நாள் இரவு லயத்துக் காம்பராவில் சாணி மெழுகிய தரையில் அடுப்புக் கரியால் புள்ளடி போட்டுப் பழகினாள். ஒரு கோட்டைச் சாய்வாக இழுத்து, கையை எடுத்து, மூச்சை நிறுத்தி, மற்றக் கோட்டை இழுப்பாள். கோலம் போடுகிறவளின் கவனம் அது. "கோடு வெளியில போனா செல்லாதாமே" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தரையில் ஒரு பாய் அகலத்துக்குப் புள்ளடிகள் நிரம்பியிருந்தன.

மறுநாள் திரும்பி நடக்கும்போது, யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன்.

"சொல்லக் கூடாதாமே. ஆத்தாகிட்ட வேண்டுறதையும் வெளியில சொல்றதில்லையே, புள்ள."

நான் விடவில்லை. அந்த வயதில் எனக்கு வரலாற்றின்மேல் கடும் கோபம். "இத்தன வருசம் உன் உரிமையப் பறிச்சு வச்சிருந்தாங்களே அம்மாயி, உனக்கு வயிறு எரியலையா?"

அவள் நின்றாள். இடது கைச் சின்ன விரலில் மையை ஒருமுறை பார்த்தாள். "எரியாம? ஆனா அவுங்க புடுங்கிக்கிட்டது சீட்டத்தான். ஆத்தாளையா புடுங்குனாங்க?"

வீட்டுக்கு வந்ததும் வாக்காளர் அட்டையைத் தகரப் பெட்டிக்குள், பிறப்புப் பத்திரத்துக்கும் திருநீற்றுப் பைக்கும் நடுவில் வைத்துப் பூட்டினாள்.

என் சமயம், என் அரசியல் இரண்டையும் நான் கற்ற இடம் அந்தப் பெட்டி. வாக்கு இல்லாதபோது அவள் குன்றிப்போகவில்லை. தன் மதிப்பு வேறோர் இடத்திலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். அந்த இடத்துக்கு எந்தப் பாராளுமன்றமும் சட்டம் இயற்ற முடியாது. ஆனால் அதைச் சாக்காக வைத்து வாக்கை அவள் துச்சமாக நினைக்கவும் இல்லை. கரியால் பாயகலம் பழகினாள். பெட்டியில் வைத்துப் பூட்டினாள். வாக்கு பெரியது, எல்லாவற்றிலும் பெரியது அல்ல. இந்த இரண்டில் ஒன்றை மறந்தால் மற்றதும் கோணலாகிவிடும்.

பக்தியின் பெயரால் வாக்கைத் துச்சமாக நினைப்பவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். "யார் வந்தா என்ன, எல்லாம் அவன் செயல்" என்பார்கள். பிரஜாவுரிமை தானாகத் திரும்பி வரவில்லை. 1952இல் வாக்கிழந்தவர்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 1988இலும் 2003இலும் சட்டங்கள் வந்து கடைசி நாடற்றவர்வரை குடியுரிமை கிடைக்க, அரை நூற்றாண்டுக்கு மேல் மனிதர்கள் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அவன் செயல் என்றால், அவர்கள் கேட்டதும் அவன் செயல்தான்.

அதே சொல்லை நம் முன்னோர் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று உத்திரமேரூரில் கல்லில் வெட்டியிருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கக் குடவோலை முறை இருந்தது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டுக் குலுக்குவார்கள். ஒரு சிறு பிள்ளையை விட்டு ஓலை எடுப்பிப்பார்கள். தெரிவைத் தெய்வத்திடம் விட்டுவிட்டார்கள் என்று பார்த்தால் தோன்றும். ஆனால் அந்தக் குடத்துக்குள் ஓலை விழுவதற்கு எத்தனை நிபந்தனை! வயது 35க்கு மேல், 70க்குள். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் விழக்கூடாது. அவன் உறவினர் பெயரும் கூடாது. குடத்தைக் குலுக்கியபின் மிச்சத்தைத் தெய்வத்திடம் விட்டார்கள். குலுக்கும்வரை கணக்குக் கேட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காணியும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கான குடம் அது. என் அம்மாயியின் பெயர் அதில் விழுந்திருக்காது. பழைய பெருமை பேசும்போதெல்லாம் அதையும் நினைத்துக்கொள்கிறேன். கொழுந்துக் கூடை சுமந்தவளின் புள்ளடிக்கும் தோட்டத் துரையின் புள்ளடிக்கும் ஒரே எண்ணிக்கை என்பது, ஆன்மாக்கள் அனைத்தும் இறைவன்முன் ஒன்று என்று சைவம் சொன்னதை உலகம் வெகு தாமதமாக ஒரு காகிதத்தில் ஒப்புக்கொண்டது போன்றது.

பக்தியின் பெயரால் வாக்கைத் துச்சமாக நினைப்பதைவிட, தெய்வத்தைக் கட்சிக்கு இரவல் கொடுப்பது பெரிய ஆபத்து. 1982 டிசம்பர் 22இல் பொதுத் தேர்தலுக்குப் பதிலாக ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடந்தது. இருந்த பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டலாம் என்பதற்குச் சின்னம் விளக்கு. கூடாது என்பதற்குக் குடம். நாம் அந்தியில் ஏற்றிக் கும்பிடும் விளக்கு. அது வென்றது. ஏழு மாதம் கழித்து, 1983 ஜூலையில், தோட்டத்து மேட்டில் நின்று மாத்தளை நகரத்தின்மேல் எழுந்த புகையைப் பார்த்தோம். கடைகள் எரிந்தன, முத்துமாரியம்மன் கோயிலும் தப்பவில்லை. "ஆத்தா வீட்டுக்குமா?" என்று அம்மாயி ஒரு தடவைதான் கேட்டாள். ஒரு சின்னத்தில் விளக்கு இருப்பதால் அதில் வெளிச்சம் இருக்கிறது என்று ஆகாது. அதை அந்தப் புகையில் கற்றேன். கோயில் பின்னர் எழுந்தது. தேர்கள் மறுபடி ஓடின.

இனி என் கதிரைக்கு வருகிறேன். 2022இல் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்றது. இரவு முழுக்கக் கேன்களைக் கயிற்றால் கோத்து வரிசையில் விட்டுவிட்டு, காலையில் வந்து அவரவர் இடத்தில் நிற்போம். ஒருநாள் விடிகாலை நான் பிந்திப் போனேன். அந்த ஆசிரியை முன்னதாகவே வந்து, தன் கேனோடு ஒரு நீலக் கேனையும் சேர்த்துக் கட்டியிருந்தார். "உங்களுக்குத்தான் டீச்சர். வருவீங்கன்னு தெரியும்" என்றார். இரண்டரை வருடம் முகம் திருப்பியவளுக்கு வாங்கி வைத்த கேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு அவரே தொடங்கினார்: "நான் உடைச்ச தேங்காயால ஒண்டும் ஆகல்ல."

அந்த ஜூலையில், 69 இலட்சம் வாக்குப் பெற்ற ஜனாதிபதி நாட்டைவிட்டுப் போய்ப் பதவி விலகினார். அதில் எனக்கு வெற்றி எதுவும் தெரியவில்லை. அவர் வென்றபோது அம்மன் அவர்கள் பக்கம் என்று நான் நினைத்தது எவ்வளவு பொய்யோ, விழுந்தபோது அம்மன் என் பக்கம் என்று நினைத்திருந்தால் அதுவும் அவ்வளவு பொய்.

அடுத்த போயா நாளில் அவர் என்னை அலுவிகாரைக்குக் கூட்டிப் போனார். நகரத்துக்கு வடக்கே, யாழ்ப்பாண வீதியோரம் பாறைகளுக்கு நடுவே உள்ள விகாரை. கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி மன்னன் காலத்தில், அதுவரை மனனமாக இருந்த திரிபிடகம் ஓலையில் எழுதப்பட்டது அங்கேதான் என்பது பௌத்த மரபு. ஆட்சிகள் அடிக்கடி கவிழ்ந்த காலம், பஞ்சமும் வாட்டியது. மனனம் செய்தவர்கள் இறந்துபோனால் தர்மமும் போய்விடும் என்று பிக்குகள் அஞ்சி எழுத்தாணி எடுத்தார்கள். "ராஜா யாருன்னு பார்த்துக்கிட்டு இருக்கல்ல, எழுதினாங்க" என்றார் டீச்சர். தர்மத்தைக் காக்க நல்ல அரசன் வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. அவரவர் கையில் இருந்த வேலையை, அன்றைக்கே செய்தார்கள்.

சைவ சித்தாந்தத்தில் இருவினையொப்பு என்று ஒரு நிலை உண்டு. நல்வினையின் பயன் வந்தாலும் தீவினையின் பயன் வந்தாலும், துள்ளாமலும் துவளாமலும் உயிர் சமமாக நிற்பது. அந்தப் பக்குவத்தின்மேல்தான் அருள் பதியும் என்பார்கள். பத்தாம் வகுப்பில் இதைப் பாடமாக்கிச் சொன்னபோது, நடுநிலை என்றால் எதிலும் சேராமல் விலகி நிற்பது என்று நானே நினைத்திருந்தேன். அப்படியல்ல. சமமாக ஏற்கச் சொன்னது பயனை. செயலைச் சமமாக்கச் சொல்லவில்லை. நல்லவரையும் கள்ளரையும் ஒன்றாக எண்ணிப் புள்ளடி போடு என்று எந்தச் சாத்திரமும் சொல்லாது. தேர்வில் கூர்மை வேண்டும், முடிவில் சமநிலை வேண்டும். நாம் எள் விளக்கு ஏற்றும் அதே சனீஸ்வரன் பிடித்த நளன் நாட்டை இழந்தான், கானகத்தில் அலைந்தான். தேர்ப்பாகனாய் வேலை செய்தான். அந்த வேலையையும் ஒழுங்காகவே செய்தான்.

இதெல்லாம் மனதில் ஓட, புரட்டாசி முதற்சனியில் என் எள் விளக்கு எரிவதைப் பார்த்து நின்றேன். யார் வெல்ல வேண்டும் என்று கேட்கவில்லை. "யார் வென்றாலும் நாளைக்கு டீச்சர் தொலைபேசியில் அழைத்தால் நான் பேச வேண்டும்" என்று மட்டும் கேட்டேன். நான் கேட்டதிலேயே கடினமான வரம் அது. முடிவை மாற்றச் சொல்வது எளிது. என்னை மாற்றச் சொல்வதுதான் கடினம்.

பிறகு போய் வரிசையில் நின்றேன். 38 பேர் போட்டியிட்ட தேர்தல். முழங்கையைவிட நீளமான சீட்டில் முதலாம் விருப்பு, இரண்டாம் விருப்பு என்று நிதானமாக எழுதினேன். ஒவ்வொருவரும் என்ன சொன்னார், முன்பு என்ன செய்தார் என்று ஒரு மாதமாகப் பார்த்து வைத்த கணக்கு என்னிடம் இருந்தது. அன்றிரவு ஊரடங்கு. மறுநாளும் மதியம்வரை வீட்டிலேயே. யாரும் பாதி வாக்கைத் தாண்டவில்லை, இரண்டாம் விருப்பை எண்ணுகிறார்கள் என்று வானொலி சொன்னது. இந்நாட்டு ஜனாதிபதித் தேர்தல் வரலாற்றில் அதுவே முதல் தடவை.

மாலை முடிவு வந்ததும் தொலைபேசி அடித்தது. டீச்சர்தான். வென்ற அனுரகுமார திசாநாயக்க பிறந்தது எங்கள் மாவட்டத்துக் கலேவெலயில். "நம்ம மாத்தளைக்காரர், டீச்சர்!" என்றார். நான் போட்டது அவருக்கா, வேறொருவருக்கா என்பது அம்மாயி வழக்கப்படி என்னோடு இருக்கட்டும். அரைமணி நேரம் பேசினோம். கடைசியில் தேங்காய் விலை பற்றி.

நகத்தில் பட்ட மை லேசில் போகாது. இரண்டாம் சனிக்கும் மூன்றாம் சனிக்கும் விளக்குப் போடும்போது என் விரலில் அது இருந்தது. ஒக்டோபர் 11இல் பொதுத் தேர்தலுக்கு வேட்புமனுத் தாக்கல் முடிந்தது. நவம்பர் 14இல் மீண்டும் வாக்கு; தெருவில் மறுபடி சுவரொட்டிகள். நான்காம் சனியை ஒட்டி விஜயதசமி. பக்கத்து வீட்டுச் சின்னவளுக்கு ஏடு தொடக்கிவைக்க என்னைக் கூப்பிட்டார்கள்.

தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பினேன். பிள்ளை என் மடியில். வலது கையால் அவள் விரலைப் பிடித்தேன். தட்டு அசையாமலிருக்க இடது கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். சின்ன விரல் நுனியில் நகத்தோடு வளர்ந்து மேலேறிய மை, ஒரு கறுத்த கீற்றாய் மிஞ்சியிருந்தது. அவள் அரிசியை விட்டுவிட்டு அதையே பார்த்தாள்.

"டீச்சரம்மா, இது என்ன?"

"இது நான் எழுதினது. இப்ப நீ எழுது" என்று சொல்லி, அவள் விரலை அரிசியில் வைத்து, அகரத்தின் முதற்சுழியை இழுத்தேன்.